கரை சேராதவர் கணக்கு

கிரிக்கெட்டில் ஊறிப்போன நம்மவர்க்கு, கடைசியில் துணையின்றி எஞ்சி நிற்கும் மட்டையாளரின் துயரம் புதியதன்று. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் ஆட்டத்தில், சென்னை இளைஞர் வாஷிங்டன் சுந்தர் 96 ஓட்டங்களுடன் ஒரு முனையில் நிற்க, மறுமுனையில் மூவர் அடுத்தடுத்து வீழ்ந்தனர். சதம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுபோயிற்று. அன்று பெருமூச்சு விடாத தமிழ் வீடு இருந்திருக்காது. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. அந்த 96 ஓட்டங்களும் அணியின் கணக்கில் ஏறின. ஆட்டத்தின் வெற்றியிலும் அவற்றுக்குப் பங்கு இருந்தது. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்திலோ அந்த ஆறுதலுக்கும் இடமில்லை. அங்கே முக்கால் வழி கடந்து நின்றவனுக்கும், புறப்பட்ட இடத்திலேயே வீழ்ந்தவனுக்கும், ஓட்டக் கணக்கில் மதிப்பு ஒன்றே: சுழி.

என் மகள் குடும்பம் பாஸ்டன் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்கிறது. மும்பையில் நாற்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற பின்னர், சில கோடைக் காலங்களை அங்கே கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய தங்கையை மணந்த மைத்துனர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். தச்சு வேலை செய்து முதுமை எய்தியவர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஆடும் மாலைகளில் இருவரும் ஆசிரியர் வீட்டுத் தாழ்வாரத்தில் வானொலியை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். தொலைக்காட்சி உள்ளே இருந்தது. ஆனால் தொலைக்காட்சி ஓடும்போது வாதிட முடியாது என்பது அவர்கள் கண்ட உண்மை. அவர்கள் வாதத்தின் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான். அன்றைய ஆட்டத்தில் எத்தனை பேர் தளத்தில் விடப்பட்டார்கள், அது யார் குற்றம் என்பதே அது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நான்கு தளங்கள் சாய்சதுரமாக அமைந்திருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பந்தை அடிப்பவர் நிற்கும் தளத்திற்கு 'ஹோம்', அதாவது வீடு என்றே பெயர். அடித்தவர் ஓடி முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றைத் தொட்டு மீண்டும் வீடு வந்து சேர்ந்தால்தான் ஓர் ஓட்டம். ஒரே வீச்சில் வர வேண்டுமென்பதில்லை. இடையில் ஒரு தளத்தில் நின்று, அடுத்து வருபவர் அடிக்கும் அடியில் மேலே நகரலாம். மூன்று பேர் அவுட்டானதும் அந்த இன்னிங்ஸ் முடிந்துவிடும். அப்பொழுது தளங்களில் நிற்பவர்கள், எந்தத் தளத்தில் நின்றாலும், தலையைக் குனிந்துகொண்டு வெளியேற வேண்டியதுதான். இவர்களையே 'தளத்தில் விடப்பட்டோர்' என்று எண்ணி, ஒவ்வொரு நாளும் செய்தித்தாளில் அச்சிடுகிறார்கள். வீட்டை விட்டுப் புறப்பட்டு வீடு திரும்பினால்தான் கணக்கு என்னும் விதி, பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த என் போன்றோருக்குச் சற்றே உறைக்கும். அதை மேலும் விரித்தால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

தச்சருக்கு இந்த எண் கண்ணில் பட்டாலே கோபம். வாழ்நாள் முழுவதும் மரம் வீணாகாமல் அளந்து அறுத்தவர் அல்லவா! "பத்துப் பேரை விட்டு வந்திருக்கிறார்கள். கால்களைக் கடைந்து வைத்துவிட்டுப் பொருத்தாமல் போட்டால் அது நாற்காலி ஆகுமா?" என்பார். மூன்றாம் தளத்தில் ஆள் நிற்கும்போது அடிக்கத் தவறியவரின் பெயரைச் சொல்லி, அவர் வாங்கும் சம்பளத்தையும் கூடவே சொல்லுவார். சம்பளத்தைச் சொல்லாமல் அவர் எந்த ஆட்டக்காரரையும் வைது நான் கேட்டதில்லை.

ஆசிரியர் அமைதியாக மறுப்பார். "விடப்பட வேண்டுமானால் முதலில் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒருவனும் முதல் தளத்தை எட்டாத அணி ஒருவனையும் விட்டு வராது. அந்த அணியைப் பாராட்டுவாயா?" என்பது அவர் கேள்வி. இதில் நியாயம் இருந்தது. ஓர் அணி சராசரியாக ஓர் ஆட்டத்தில் நான்கு அல்லது ஐந்து ஓட்டங்கள் எடுக்கிறது. ஏறத்தாழ ஏழு பேரைத் தளத்தில் விட்டு வருகிறது. வீடு திரும்புவோரைக் காட்டிலும் வழியில் நிற்போர் தொகை எப்பொழுதும் மிகுதிதான். மூன்று தளங்களும் நிறைந்து, ஒருவரும் அவுட்டாகாத நிலையில்கூட, ஏறத்தாழ ஏழுக்கு ஒரு முறை ஓர் ஓட்டமும் இன்றி இன்னிங்ஸ் முடிந்துவிடுகிறது. மேலும், ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால், மிகுதியாக ஓட்டம் எடுக்கும் அணிகளே மிகுதியான ஆட்களைத் தளத்தில் விடும் அணிகளாகவும் இருப்பது அடிக்கடி காணக்கூடியது. பந்தி பெரிதானால் எச்சில் இலையும் பெருகத்தானே செய்யும்!

ஆனால் ஆண்டுக் கணக்கு வேறு, ஒரு மாலையின் கணக்கு வேறு. தச்சர் பேசியது அன்று மாலையைப் பற்றி. அவரிடம் போய் 162 ஆட்டங்களின் சராசரியைச் சொல்வது, சம்பந்தி வீட்டார் வாசலில் நிற்கும்போது பால் திரிந்துவிட்டதே என்று கலங்குபவளிடம், மாதத்தில் இருபத்தொன்பது நாள் திரியவில்லையே என்பதற்கு ஒப்பாகும்.

என்னை இந்த வாதத்திற்குள் இழுத்தது ஆசிரியரின் நோட்டுப் புத்தகம். வானொலியைக் கேட்டுக்கொண்டே பென்சிலால் ஆட்டத்தைப் பதிவு செய்வது அவர் பழக்கம். பந்தை எதிர்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கட்டம். அதனுள் ஒரு சாய்சதுரம். ஒருவர் முதல் தளம் அடைந்தால் ஒரு பக்கம் கோடு இழுப்பார். இரண்டாம் தளம் அடைந்தால் மறுபக்கம். வீடு திரும்பியவரின் சதுரம் மூடிக்கொள்ளும். உடனே அதைக் கருமையாக நிரப்பிவிடுவார். விடப்பட்டவரின் சதுரமோ ஒரு பக்கமோ இரு பக்கமோ வரைந்தபடி திறந்தே கிடக்கும். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், முடிவுறாத அந்தச் சதுரங்கள்தாம் முதலில் கண்ணில் படும்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தின் அடியில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "சரிபார்க்கிறேன்" என்றார். ஓர் அணியிலிருந்து பந்தை எதிர்கொள்ள வந்தவர்களின் மொத்தத் தொகை ஒருபுறம். அவ்வணி எடுத்த ஓட்டங்கள், தளத்தில் விடப்பட்டோர், எதிரணியினர் வீழ்த்திய அவுட்டுகள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை மறுபுறம். இரண்டும் சமமாக இருந்தாலன்றிப் பதிவில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். இது அவர் வகுத்த முறையன்று. பேஸ்பால் விதி நூலிலேயே ஆட்டப் பதிவாளர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது. ஐந்தொகையைச் சரிக்கட்டியே வயிறு வளர்த்த எனக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! புறப்பட்டவன் வந்து சேர்ந்தான், அல்லது வீழ்த்தப்பட்டான், அல்லது வழியில் நிற்கிறான். நான்காவது கதி இல்லை. காணாமற்போவதற்கு எவனுக்கும் வழியில்லை. தச்சர் வெறுத்த அந்த எண் இல்லாவிட்டால் கணக்கே ஒப்பாது.

விதி நூல் இதில் காட்டும் நுணுக்கம் வியப்பானது. ஒருவர் அடித்த பந்தால் வேறொருவர் மூன்றாவது அவுட்டாகி இன்னிங்ஸ் முடிந்தால், அடித்தவர் உண்மையில் எங்கும் நிலைபெறவில்லை. ஆயினும் அவரையும் விடப்பட்டோர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்கிறது. சேர்க்காவிடில் ஒரு தலை குறையும் அல்லவா? ஆனால் செய்தித்தாள்களில் தனி ஆட்டக்காரர் பெயருக்கு நேராக வரும் எண் வேறு வகை. மூன்று தளங்களும் நிறைந்திருக்க, மூவர் தொடர்ந்து அவுட்டானால், அணியின் கணக்கில் விடப்பட்டோர் மூவர். தனியார் கணக்கிலோ ஆளுக்கு மூன்றாக ஒன்பது. ஒரே கடனை மூவர் தலையிலும் முழுமையாக எழுதும் முறை இது. தச்சர் மேற்கோள் காட்டியது எப்பொழுதும் இந்த இரண்டாவது எண்ணையே என்பதை நான் போகப்போகக் கண்டுகொண்டேன்.

பேஸ்பாலுக்கு இத்தகைய கணக்கேட்டு ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து புரூக்ளினில் வாழ்ந்தவர். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட்டின் ஆட்ட அட்டவணையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு 1859-இல் பேஸ்பாலுக்கு ஓர் அட்டவணை வகுத்தார். பிரிட்டனின் உழைக்கும் மக்களிடையே நிலவிய சுகாதாரக் கேட்டைப் புள்ளிவிவரங்களோடு 1842-இல் வெளிக்கொணர்ந்த எட்வின் சாட்விக் இவருடைய தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்த சகோதரர். ஒருவர் சாக்கடையை எண்ணினார், மற்றவர் ஆட்டத்தை எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியாத குடும்பம் போலும். நம் கிரிக்கெட்டின் கிளையொன்று அங்கே அப்படிப் பூத்திருக்கிறது என்பதைச் சொன்னபோது ஆசிரியர் மகிழ்ந்தார், தச்சர் நம்பவில்லை.

விட்டு வருவதிலும் சாதனைகள் உண்டு. ஓர் இன்னிங்ஸில் மூவருக்கு மேல் விடப்பட முடியாது. ஆகவே ஒன்பது இன்னிங்ஸில் எல்லை 27. நியூயார்க் யாங்கீஸ் அணி 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாஸ்டன் அணியோடு ஆடி, 20 பேரைத் தளத்தில் விட்டுத் தோற்றது. 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு நியூயார்க் மெட்ஸ் அணிக்கும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கும் தொடங்கிய ஆட்டம், சமநிலை முறியாமல் 25 இன்னிங்ஸ் நீண்டு, மறுநாள் விடியற்காலை மூன்று மணி கடந்த பின்னரே முடிந்தது. மெட்ஸ் அணியினர் 25 பேரையும், கார்டினல்ஸ் அணியினர் 20 பேரையும் தளத்தில் விட்டிருந்தனர். கார்டினல்ஸ் 4-க்கு 3 என்று வென்றது. நாற்பத்தைந்து பேர் வழியில் நிற்க, ஏழு பேர் மட்டுமே வீடு சேர்ந்த இரவு அது.

நெருக்கடி நேரத்தில் கைகொடுக்கும் தனி மனவுறுதி சிலருக்கு இருக்கிறதா என்ற கேள்வியும் இந்த வாதத்தில் வந்தே தீரும். 1977-இல் ரிச்சர்ட் கிரேமர் என்பவர் இதை ஆராய்ந்து, ஓராண்டு நெருக்கடியில் சிறந்தவர் மறு ஆண்டும் அப்படிச் சிறப்பார் என்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார். அதே ஆண்டு கான்சாஸ் மாநிலத்தில், டப்பாவில் உணவு அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ் தம் முதல் புள்ளிவிவர நூலைத் தாமே அச்சிட்டு விற்றார். எட்டாக் கனியாக இருந்த பட்டத்தை ரெட் சாக்ஸ் 2004-இல் வென்றபோது அவர் அவ்வணியின் ஆலோசகர். தச்சரிடம் இவற்றைச் சொன்னால், "அவர்கள் எவரும் அந்த இடத்தில் மட்டையைப் பிடித்து நின்றதில்லை" என்ற ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் பொழுதுபோக்கு வாதம். ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் மட்டும் தாழ்வாரத்தில் பேச்சின் தன்மையே மாறிவிடும். பில் பக்னர் என்பது அந்தப் பெயர்.

1918-க்குப் பிறகு பட்டமே காணாத ரெட் சாக்ஸ் அணி, 1986-ஆம் ஆண்டு உலகத் தொடரில் மூன்று வெற்றிகளுடன் முன்னணியில் நின்றது. அக்டோபர் 25-ஆம் தேதி நியூயார்க்கில் மெட்ஸ் அணியுடன் ஆறாவது ஆட்டம். இன்னும் ஒரு வெற்றி போதும். பத்தாம் இன்னிங்ஸில் பாஸ்டன் 5-க்கு 3 என முந்தியது. மெட்ஸ் அணியில் இருவர் அவுட். தளங்களில் ஒருவரும் இல்லை. அடுத்த மூவர் வரிசையாக அடித்தனர். ஓர் ஓட்டம் வந்தது. பிறகு பந்து வீசியவர் குறி தவறி எறிந்ததில் இன்னோர் ஓட்டம், ஆட்டம் சமநிலை. அப்பொழுது முக்கி வில்சன் தட்டிய பந்து உருண்டு வந்து, முதல் தளத்தில் நின்ற பக்னரின் கால்களுக்கிடையே புகுந்து போயிற்று. மெட்ஸ் வென்றது. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தையும் வென்று பட்டத்தையும் கொண்டுபோயிற்று.

பக்னர் 22 பருவங்கள் ஆடியவர். 2,715 முறை வெற்றிகரமாக அடித்தவர். அந்த ஆண்டு மட்டும் தம் அடிகளால் 102 ஓட்டங்களை வீடு சேர்த்தவர். கணுக்கால்கள் நொந்து, உயர்ந்த காலணி கட்டிக்கொண்டு நொண்டியபடி ஆடினார். ஆனால் அந்த ஒரு பந்துக்குப் பிறகு அவரைப் பற்றிப் பேச வேறெதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. கொலை மிரட்டல்கள்கூட வந்தன.

தச்சரும் அவரை மன்னிக்காதவர்களுள் ஒருவர். "ஒரு குழந்தைகூடப் பிடித்திருக்கும்" என்று அன்று மாலையும் ஆரம்பித்தார். ஆசிரியர் பதில் பேசாமல் எழுந்து உள்ளே சென்று, பழுப்பேறிய ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். 1986-ஆம் ஆண்டு அந்த இரவில் அவர் பதிந்த பக்கம். அதை மைத்துனரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். "நீங்கள் தணிக்கையாளர் அல்லவா, பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். பாஸ்டன் எடுத்த ஓட்டம் 5. எதிரணி வீழ்த்தியது 30. தளத்தில் விடப்பட்டோர் 14. ஆகப் பந்தை எதிர்கொள்ள வந்தோர் 49. கணக்கு ஒத்தது. திறந்து கிடந்த பதினான்கு சதுரங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தேன். எட்டாம் இன்னிங்ஸில் மூன்று தளங்களும் நிறைந்திருந்தபோது பக்னர் உயர அடித்த பந்தை நடுக்களத்தில் பிடித்துவிட்டார்கள். அங்கே மூன்று சதுரங்கள். அந்தப் பங்கு அவருடையதுதான். ஆனால் பதினான்கில் மற்றவை வேறு பலருடைய மட்டைகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஏதேனும் ஒன்று முன்னதாக மூடியிருந்தால், பத்தாம் இன்னிங்ஸே தேவைப்பட்டிராது. கடைசிச் சதுரங்களில் ஒன்றில் எழுதியிருந்ததைப் படிக்க எனக்குச் சற்று நேரமாயிற்று. பத்தாம் இன்னிங்ஸில் எறிந்த பந்து உடம்பில் பட்டதால் முதல் தளம் பெற்று, அடுத்தவர் அவுட்டாகவே அங்கேயே விடப்பட்டவர் பக்னர். சில நிமிடங்கள் கழித்து அதே முதல் தளத்தருகேதான் அந்தப் பந்து உருண்டு வந்தது.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. நாள்தோறும் விடப்பட்டோரை எண்ணி எண்ணிக் கொதித்த தச்சர், அந்த ஓர் இரவுக்கு மட்டும் பதினான்கு பேரையும் மறந்துவிட்டு ஒருவனையே பிடித்துக்கொண்டிருந்தார். 'விடப்படுவது வளத்தின் அடையாளம்' என்று நாள்தோறும் வாதிட்ட ஆசிரியரோ, அந்த ஓர் இரவுக்கு மட்டும் பதினான்கு பேரையும் குற்றச்சாட்டாக எடுத்து வைத்தார். இருவரும் இடம் மாறி நின்றதை இருவரும் உணரவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. ஒருவன் தலையில் போட்டால் துக்கம் கைக்கு அடக்கமாகிவிடுகிறது. பதினான்காகப் பிரித்தால் அதை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் அணி பக்னரைத் தன் மைதானத்திற்கு அழைத்து, பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தைத் தொடக்கி வைக்கும் பந்தை எறியச் செய்தது. மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள். பக்னர் 2019-இல் காலமானார். "அன்று இவனும் தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்றான்" என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார். தச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கால் மரத்துப்போயிருந்தது" என்றார்.

நான் கடைசியாகச் சென்றது 2023-ஆம் ஆண்டுக் கோடையில். அப்பொழுது இருவரும் ஒரே கட்சியில் இருந்தார்கள். புதிய விதியொன்றை வெறுக்கும் கட்சி. சமநிலையில் முடியும் ஆட்டங்கள் நீளாதிருக்க, பத்தாம் இன்னிங்ஸ் முதல் ஒவ்வோர் அணியும் இரண்டாம் தளத்தில் ஓர் ஆளை நிறுத்தியே தொடங்கலாம் என்று 2020-இல் கொண்டுவந்து, இறுதிச் சுற்று நீங்கலான ஆட்டங்களுக்கு 2023-இல் நிலையாக்கிவிட்டார்கள். உழைக்காமலே பாதி வழியில் ஒருவனைக் கொண்டுபோய் வைப்பது தச்சருக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியரின் மனக்குறை வேறு. அந்த ஆள் பந்தை எதிர்கொள்ளாமலே தளத்திற்கு வந்தவன். அவன் வீடு சேர்ந்தாலும், வீழ்ந்தாலும், விடப்பட்டாலும் ஒருபுறம் ஒன்று கூடுகிறது, மறுபுறம் கூடுவதில்லை. "என் பக்கங்கள் ஒப்பவில்லை" என்று நோட்டை என்முன் வைத்தார்.

நம் வணிகர்கள் இதற்கு என்றோ வழி கண்டுவிட்டார்கள். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று விளங்காத தொகை வந்தால் அதை 'அனாமத்து' என்று தனியே வரவெழுதி வைப்பார்கள். தனியாக ஒரு பத்தி கிழித்து, இறக்கிவிடப்பட்ட ஆட்களை அதில் எழுதிக் கூட்டிக்கொள்ளும்படி சொன்னேன். அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தம் எழுத்தில் பத்தியின் தலைப்பாகப் பென்சிலால் எழுதிக்கொண்டார். பக்கம் ஒத்தது. அன்று பாஸ்டன் பதினொருவரை விட்டு வந்திருந்தது. தச்சர் எட்டிப் பார்த்து, மொத்த அணியையும் அந்தப் பத்தியிலேயே எழுதிவிடும்படி மைத்துனருக்கு யோசனை சொன்னார்.